பங்களாவில் ஓடிய மிக்சி

எனக்குக் கதை படிக்கிற வழக்கமே கிடையாது. வாரப் பத்திரிகை கையில் கிடைத்தால் ராசிபலன் பார்ப்பேன், சமையல் குறிப்பைப் பார்த்து 'இதெல்லாம் ஒரு குழம்பா' என்று தூக்கிப் போடுவேன், அவ்வளவுதான். இந்த வயதில் கதைப் பைத்தியம் பிடித்தது யுவராணியால். எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருக்கிறாள். அவள் கதை எழுதுவது என்னையும் அவள் வீட்டாரையும் தவிர மேனாம்பேட்டில் அப்போது ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

போர்ஷன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. கக்கூஸும் குளிக்கிற இடமும் பின்னால், மூன்று குடித்தனத்துக்கும் பொது. கட்டியது என் மாமனார். நெல் மூட்டை அடுக்க எத்தனை இடம் வேண்டும் என்று தெரிந்த மனுஷன், ஆள் படுக்க எத்தனை இடம் வேண்டும் என்று யாரிடமும் கேட்கவில்லை. அதற்கு என்னைத் திட்டாதீர்கள்.

அந்த ரூமில் நாலு பேர். யுவராணி, அவள் புருஷன் அரவிந்தன், மகள் ஜோதிகா, மாமியார் சொர்ணம். எங்கள் பக்கத்தில் ஒரு ரூம் வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் என்றால் பந்தக்கால் நடுவதற்கு முன்னால் பீரோ நகரும். சுவரோரம் இருப்பதை இழுத்து நட்டநடுவில் நிறுத்திவிடுவார்கள். இந்தப் பக்கம் புதுமாப்பிள்ளையும் பெண்ணும், அந்தப் பக்கம் மற்றவர்கள். இங்கேயும் அப்படித்தான் நிறுத்தினார்கள். பிறகு ஜோதிகா பிறந்தாள், வளர்ந்தாள். பெண்பிள்ளைக்குப் படிக்க ஒரு இடம் வேண்டுமே என்று சொர்ணம் பீரோவுக்கு அந்தப் பக்கத்தைப் பேத்திக்கு விட்டுவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் மிக்சி ஓடும். அரவிந்தன் ஏதாவது சுருக்கென்று சொல்லிவிட்டால் யுவராணி வாயைத் திறக்க மாட்டாள். நேரே போய் மிக்சியைப் போடுவாள். அவனும் பின்னாலேயே போவான். அந்தச் சத்தத்துக்குள் ஒருவரை ஒருவர் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வார்கள். மாமியார் காதில் விழக் கூடாது, பிள்ளை காதில் விழக் கூடாது, பக்கத்துக் குடித்தனத்துக்குப் போகக் கூடாது. ஜாரில் ஒரு தேங்காய்ச் சில்லு கூட இருக்காது. காலி ஜார் ஓடுகிற சத்தம் எனக்கு மாடியிலிருந்தே தெரியும். குடிவந்த புதிதில், "ஏண்டி, மோட்டாரு பொகைஞ்சிடப் போவுதுடி!" என்று மேலிருந்து கத்தியிருக்கிறேன். பிறகு விஷயம் புரிந்து வாயை மூடிக்கொண்டேன்.

யுவராணி பிறந்தது குத்தம்பாக்கம் பக்கம். அப்பன் அடுத்தவன் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். நிலமெல்லாம் பிளாட்டான பிறகு ஒரு குடோனுக்குக் காவலாள் ஆனார். பன்னிரண்டாவது முடித்த கையோடு இவளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். இப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டை இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி. சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போது பார்த்தால் செருப்பு வார் காலுக்குள் புதைந்திருக்கும். பார்க்கிற எனக்கே அலுப்பாக இருக்கும்.

கதையெல்லாம் கம்பெனி வேனில் உட்கார்ந்து செல்போனில் கட்டை விரலால் எழுதியது. லீவு நாளில் என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அதற்கென்று ஒரு ஆப் இருக்கிறதாம், அதில் போட்டால் உலகமே படிக்குமாம். கதை நடக்கிற இடம் மலை எஸ்டேட். பதினாலு ரூம் பங்களா. கதாநாயகன் கௌதம், எஸ்டேட் முதலாளி. கதாநாயகி மிருதுளா. மாமியார் ராஜேஸ்வரி, பட்டுப்புடவை கட்டிய பிசாசு. யுவராணி வாழ்க்கையில் பார்த்த ஒரே மலை திருத்தணி. அதுவும் மொட்டை போடப் போனபோது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் கதையை போனில் பார்த்துச் சொர்ணத்துக்கு நான் படித்துக் காட்டுவேன். சொர்ணத்துக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அவளும் வேலைக்குப் போகிறவள்தான், ஒரு ஆபீசில் துடைப்பம், மாப்பு, கக்கூஸ். படியில் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். ஒரு நாள் ராஜேஸ்வரி மருமகளை அதட்டுகிற கட்டம் வந்தது. சொர்ணம் நிமிர்ந்தாள்.

"இந்தக் கெழவி நான்தானேம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சேச்சே, உன்னப் போயி..." என்று இழுத்தேன்.

"நான்தாம்மா. முட்டில கைய வச்சிகினு எந்திரிக்கறா பாரு. இருக்கட்டும். நீ மேல படி."

"கோவம் வரலியா ஒனக்கு?"

"கோவப்படறதுக்கு ஒடம்புல தெம்பு வோணாமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கீரைக் கட்டை எடுத்துப் பிரித்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜெபா வந்தாள். பட்டணத்தில் புத்தகம் போடுகிற ஒரு பதிப்பகத்தில் எடிட்டர். ஆப்பில் கதையைப் படித்துவிட்டு போன் பண்ணி, வீட்டுக்கே வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி தெரியாமல் சுற்றி, வடிகாலுக்குத் தோண்டிப் போட்ட பள்ளத்தையெல்லாம் தாண்டி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். யுவராணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நீங்களும் வந்து கூட இருங்க ஆன்ட்டி" என்று என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

ஜெபா உள்ளே நுழைந்ததும் அரவிந்தன் ஆணியில் தொங்கின சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டான். ஜோதிகா புத்தகத்தோடு வாசற்படிக்குப் போனாள். யுவராணி காபி டம்ளரைத் தூக்கிப் பிடித்து, வயிற்றை எக்கி, பீரோவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து வந்தாள். ஜெபா அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க யுவராணி. ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச ஒண்ணு இப்பத்தான் புரிஞ்சுது. கௌதம் பெரிய எஸ்டேட் முதலாளி. ஆனா வீட்டுக்கு யார் வந்தாலும் சட்டையை மாட்டிக்கிட்டு ரோட்டுல போய் நிக்கிறார். பங்களா ஹால்ல எல்லாரும் ஒருக்களிச்சு நடக்கறாங்க. மிருதுளா டிபன் வைக்கிறதுக்கு முன்னாடி பாயைச் சுருட்டறா."

யுவராணி டம்ளரை அவளிடம் நீட்டினாள். "அது தப்பா மேடம்?" என்றாள்.

"சண்டை வந்தா மிருதுளா மிக்சி போடறாளே, அது எதுக்கு?"

"சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு."

"பதினாலு ரூம் இருக்கே. இன்னொரு ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டுப் பேசலாமே?"

யுவராணி உண்மையிலேயே தெரிந்துகொள்கிற மாதிரி கேட்டாள், "இன்னொரு ரூமுக்குப் போனா கேக்காதா மேடம்?"

ஜெபா காபியைக் கீழே வைத்துவிட்டாள். நிதானமாகச் சொன்னாள். இதே கதை, இதே ஆட்கள், பங்களாவை மட்டும் எடுத்துவிடு, அந்த இடத்தில் இந்த ரூமைக் கொண்டுவந்து வை என்றாள். "சண்டை போட்டாங்கன்னு நீங்க எழுதவே வேணாம். மிக்சி ஓடுதுன்னு எழுதுங்க, ஜார் காலின்னு எழுதுங்க. யாருக்கு யார் மேல என்ன கோபம், யாருக்கு இந்த வீட்டுல என்ன மரியாதைன்னு நீங்க விளக்க வேண்டியதே இல்லை. யார் எங்க படுக்கறாங்கன்னு சொன்னாலே போதும்." அப்படி எழுதிக் கொடுத்தால் புத்தகமாகவே போடுகிறோம், ஜனவரி புத்தகக் காட்சிக்கு வந்துவிடும் என்றாள்.

ஜெபா போன பிறகு யுவராணி என் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. "எனக்கு இந்த ஒரு ஆசதான் ஆன்ட்டி. அட்டையில என் பேரு வர்ணும். வேற ஒண்ணுமே வாணாம். இத்தினி வருசமா அடுத்தவன் சட்டையத்தான் திருப்பித் திருப்பிப் பாத்துகினு கீறேன்."

ஆனால் இந்த ரூமை எழுதினால் சமையல்கட்டை எழுத வேண்டும். சமையல்கட்டை எழுதினால் சொர்ணத்தை எழுத வேண்டும். அன்றைக்கே மிக்சி ஓடியது. ஓடி ஓடி நின்ற பிறகும் அரவிந்தன் குரல் அடங்கவில்லை. "எங்கம்மா அடுப்பாண்ட படுக்கறத ஊருக்கெல்லாம் டமாரம் அடிக்கப் போறியா? நாளைக்குக் கம்பெனில எவனாச்சும் கேட்டா நான் மூஞ்சிய எங்க கொண்டு வச்சிக்கிறது?" என்று கத்தினான். நல்ல பையன்தான், சும்மா சொல்லக் கூடாது. ரோஷம் அதிகம். மறுநாள் அவனே இறங்கி வந்தான். "எழுதிக்கோ. ஆனா அம்மா காதுல போட்டுட்டுதான் குடுக்கணும். அது வாணாம்னு ஒரு வார்த்த சொல்லிச்சுன்னா வுட்டுடணும்."

அதை யுவராணியும் ஒப்புக்கொண்டாள். ஆக, புத்தகம் வருவதும் வராததும் சொர்ணத்தின் வாயில் இருந்தது.

மாற்றி எழுதுகிறேன் என்று அந்தப் பெண் பட்டபாடு கொஞ்சமில்லை. மிருதுளா செல்வி ஆனாள், கௌதம் ஏழுமலை ஆனான், அதெல்லாம் சுலபமாக முடிந்தது. வீடுதான் உயிரை வாங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"செல்வி அழணும் ஆன்ட்டி. எங்க போயி அழுவா?"

"குளிக்கிற எடத்துல அழட்டுமே."

"மூணு குடித்தனமும் கதவ இடிக்கும். பங்களாவுல பால்கனில நின்னு ஜம்முனு அழுதுகினு இருந்தா. இப்போ அவளுக்கு அழக்கூட எடம் இல்ல."

கடைசியில் எழுதிவிட்டாள். செல்வி பீரோவின் முதுகில் நெற்றியை வைத்துக்கொள்கிறாள். தகரம் சில்லென்று இருக்கிறது. அந்தப் பக்கம் மகள் புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது. செல்வி மூக்கை உறிஞ்சாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு சட்டை மடிக்கப் போகிறாள். அவ்வளவுதான் கட்டம். அழுதாள் என்ற சொல்லே அதில் இல்லை. படித்துவிட்டு நான்தான் அழுதேன்.

படித்துக் காட்டுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. யுவராணி உட்காரவே இல்லை. குழாயடியில் தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். அரவிந்தன் தெருமுனைக்குப் போய்விட்டான். சொர்ணம் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்தாள். நான் படித்தேன். பீரோ வந்தது, மிக்சி வந்தது. பிறகு அந்தக் கட்டம் வந்தது. எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் கிழவி சமையல்கட்டைக் கழுவிவிடுகிறாள். சிலிண்டரை மூலைக்குத் தள்ளுகிறாள். காலை நீட்டினால் கதவு இடிக்கும் என்பதால் முழங்காலை மடக்கிக்கொண்டு படுக்கிறாள். இந்த வீட்டில் கடைசியாகப் படுப்பவளும் முதலில் எழுந்திருப்பவளும் அவள்தான், ஏனென்றால் அவள் படுத்திருந்தால் யாருக்கும் காபி கிடையாது.

"தர காயறதுக்கு முன்னாடியே படுத்துக்கறாளா?" என்று கேட்டாள் சொர்ணம்.

"ஆமா. ஈரத்து மேல சாக்கு போட்டுகினு."

"சரிதான். அப்பிடித்தான்." கொஞ்ச நேரம் தைலத்தைத் தேய்த்தாள். "போட்டுக்கச் சொல்லும்மா. எல்லாம் நெஜந்தானே. இதுல இன்னா கீது?"

குழாயடியில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது. யுவராணி ஓடி வந்து படியிலேயே உட்கார்ந்து மாமியார் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். "தே, தைலம் ஒட்டிக்கும்" என்று சொர்ணம் அவளைத் தள்ளினாள். அரவிந்தன் அன்றைக்குப் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தான். எனக்கும் ஒரு பொட்டலம்.

கதை ஜெபாவுக்குப் போயிற்று. அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். ஒரே ஒரு காரியம் சொன்னாள். ஒரே கதை இரண்டு இடத்தில் இருக்கக் கூடாது, அச்சுக்குப் போகும் முன்னால் ஆப்பில் கிடக்கிற பங்களாக் கதையை எடுத்துவிட வேண்டும் என்று. யுவராணி என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அழித்தாள். அழிக்கவா என்று போன் கேட்டது. "போனாப் போவுது ஆன்ட்டி, பொய் ஊடுதானே" என்று சொல்லி அமுக்கினாள்.

புத்தகக் காட்சிக்குச் சொன்னபடியே புத்தகம் வந்தது. அட்டையில் அவள் பேர், பெரிய எழுத்தில். ஜோதிகா ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அரவிந்தன் கம்பெனியில் ஒருவரும் கேலி பண்ணவில்லை. போர்மன் வேம்புலி ஒரு பிரதி வாங்கிக்கொண்டாராம். பேப்பரில் ஒரு துண்டு வந்தது, 'வீட்டின் ஒவ்வொரு அடியும் பேசுகிறது' என்று. அதை வெட்டி நானே என் பிரிஜ் கதவில் ஒட்டினேன். சொர்ணம் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யுவராணியும் புருஷனும் பிள்ளையும் அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தார்கள். சொர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி என் வீட்டு வாசலுக்கே வந்தாள்.

"கத படிக்கிறியாம்மா? ரொம்ப நாளாச்சு."

நான் சந்தோஷமாகப் புத்தகத்தை எடுத்தேன்.

"அது வோணாம். அந்தப் பழசப் படி."

"ஏன், இதுதானே நல்லா வந்திருக்குன்னு ஊரே சொல்லுது."

"நல்லாத்தான் கீது. அதப் படிச்சு எனுக்கு இன்னாம்மா ஆவப்போவுது? தெனம் அங்கதானே படுத்துகினு கீறேன்."

"பழசு இல்ல சொர்ணம். அழிச்சாச்சு."

"போன்ல இருக்குமே?"

"போன்லதான் அழிச்சது. எங்கயும் கெடையாது."

அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "மாடி ரூமு கூடவா?" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. எந்த மாடி ரூம் என்று கேட்டேன். அவள் சொன்னாள். பங்களாவில் ராஜேஸ்வரிக்கு மாடியில் ஒரு ரூம் உண்டாம். தேக்குக் கட்டில், ரெண்டு தலகாணி, ஜன்னலைத் திறந்தால் பனி உள்ளே வருமாம். நானே படித்துக் காட்டியதுதான், எனக்கு நினைவில்லை. அவளுக்குத் தலகாணி உறையின் நிறம் வரைக்கும் நினைவிருந்தது.

"வேல முடிச்சுட்டு வந்து படுப்பேன்ல, கண்ண மூடிக்கினு அங்க போயிடுவேன். கதவ சாத்திக்குவேன். கால நீட்டிக்குவேன். யாரும் வந்து எழுப்ப மாட்டாங்கோ. என்னக் கெட்டவன்னு எழுதினா எழுதிட்டுப் போறா. எனுக்குன்னு ஒரு ரூமு வச்சிருந்தாளேம்மா."

எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று தெரியவில்லை. ஜெபா மேல் வந்தது, யுவராணி மேல் வந்தது, பிரிஜ் கதவில் தொங்கின அந்தக் காகிதத்தின் மேல் வந்தது. சொர்ணத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ரூம் கதவைத் திறந்தேன். என் மகன் அசோக் வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அது சும்மாதான் கிடக்கிறது. கட்டில் இருக்கிறது, பேன் இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது. "இனிமே நீ இங்கதான் படுக்கற. எவன் இன்னா சொல்றான்னு பாக்கறேன்" என்று கத்தினேன்.

சொர்ணம் உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று கட்டிலைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். "நல்லா கீதும்மா, காத்தோட்டமா" என்றாள். பிறகு என் கையிலிருந்து தன் கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"இது உங்க ரூமும்மா. அது என்னுது."